நீண்ட டச்சுச் சொல்லின் தையலைத் தேடி: எட்டு வார உச்சரிப்பு வகுப்பு, ஒரு மதிப்புரை

நெதர்லாந்தின் தென்பகுதியில் நான் வசிக்கும் நகரின் பொது நூலகத்தில், செவ்வாய்க்கிழமைதோறும் மாலை ஏழு மணி முதல் எட்டரை மணி வரை, எட்டு வாரங்களுக்கு ஓர் உச்சரிப்பு வகுப்பு நடக்கிறது. கட்டணம் 260 யூரோ. என்னுடன் பதினொரு பேர் படித்தோம். நடத்துபவர் ஓய்வு பெற்ற பேச்சுப் பயிற்சியாளர். இந்த நாட்டில் அவர்களை லோஹோபெடிஸ்ட் என்பார்கள். அவர் எந்தப் பெரிய நிறுவனத்தையும் சேராமல் தனியாக நடத்துவதால் அவருடைய பெயரையும் ஊரின் பெயரையும் இங்கே எழுதவில்லை. ஆனால் இதே வகையான வகுப்புகள் பல நகரங்களில் நடப்பதால், சேரலாமா என்று யோசிக்கும் தமிழர்களுக்கு இந்த மதிப்புரை உதவும் என்று நம்புகிறேன். வகுப்பின் பொருள் மிகக் குறுகியது: நீண்ட டச்சுக் கூட்டுச்சொற்களை எப்படி அசைகளாகப் பிரிப்பது, அவற்றில் எந்த அசையை அழுத்திச் சொல்வது என்ற இரண்டு மட்டுமே. இலக்கணப் பாடமோ உரையாடல் பயிற்சியோ இதில் கிடையாது.

நான் சேர்ந்த காரணத்தைச் சொன்னால் வகுப்பின் பயனை எடைபோட எளிதாக இருக்கும். டச்சு மொழியில் பி1 எனப்படும் இடைநிலைத் தேர்வில் தேறியிருந்தேன். அலுவலகக் கடிதங்களைப் படித்துப் புரிந்துகொள்ளவும் முடிந்தது. இருந்தும் தொலைபேசியில் வாயைத் திறந்தால் மறுமுனையில் இருப்பவர் "என்ன சொல்கிறீர்கள்?" என்று கேட்காத நாள் இல்லை. குறிப்பாக ஒரு சொல் என்னைப் பாடாய்ப் படுத்தியது. நம்மால் பிறருக்கு ஏற்படும் சேதத்துக்கு ஈடு கட்டும் காப்பீட்டுக்கு டச்சில் ஆன்ஸ்ப்ராகெலெக்ஹெய்ட்ஸ்ஃபெர்ஸேகெரிங் என்று பெயர். எழுதும்போது 29 எழுத்துகள், சொல்லும்போது ஒன்பது அசைகள். தமிழ் பேசும் எவரும் செய்வதைப் போலவே, ஒன்பது அசைகளையும் ஒன்றுக்கொன்று குறையாத மரியாதையுடன் நான் உச்சரித்தேன். ஒலிகளில் பெரிய பிழை இருக்கவில்லை. ஆயினும் கேட்பவருக்கு அது ஒரு சொல்லாகவே படவில்லை என்பதை இந்த வகுப்பில்தான் தெரிந்துகொண்டேன்.

முதல் நாள் யாரையும் பேச விடவில்லை. நகராட்சியிலிருந்து வரும் சாதாரணக் கடிதம் ஒன்றின் நகலையும் ஒரு பென்சிலையும் கொடுத்து, நீளமான சொற்களில் "தையல்" எங்கே இருக்கிறதோ அங்கே மட்டும் கோடு போடச் சொன்னார் ஆசிரியை. இரண்டு துணிகள் சேரும் இடத்துக்கு டச்சில் நாட் என்பார்கள். அந்தச் சொல்லைத்தான் எட்டு வாரமும் பயன்படுத்தினார். அசை பிரிப்பது அதற்குப் பிறகு வரும் வேலை. கூட்டுச்சொல் எந்த இரண்டு சொற்களால் ஆனது என்று தெரியாமல் அசை பிரிக்கத் தொடங்கினால் எழுத்துகள் தவறான பக்கம் ஒட்டிக்கொள்ளும் என்பது அவருடைய முதல் விதி. இதற்கு அவர் காட்டிய எடுத்துக்காட்டு டெய்க்ரம்ப் என்ற சொல். டெய்க் என்றால் நீரைத் தடுக்கும் கரை, ரம்ப் என்றால் பேரழிவு. ஆகவே கரை உடைந்து நேரும் பேரழிவு. ஆனால் கோட்டை ஓர் எழுத்து முன்னே தள்ளிப் போட்டால் டெய் என்பது தொடை, க்ரம்ப் என்பது தசைப்பிடிப்பு. வகுப்பு சிரித்தது. 1953ஆம் ஆண்டு கரைகள் உடைந்து 1,836 பேர் உயிரிழந்த நாட்டில் இந்தச் சிரிப்பு கொஞ்சம் அடக்கமாகவே வந்தது என்பதையும் கவனித்தேன்.

தமிழ் படித்தவர்களுக்கு இந்த விளையாட்டு புதிதன்று. செம்பொன்பதின்தொடி என்று எழுதினால் சிவந்த பொன்னால் ஆன பத்து வளையலா, செம்பினால் ஆன ஒன்பது வளையலா என்பது எழுத்தில் தெரியாது. சொல்லும் இசையில்தான் தெரியும் என்று தொல்காப்பியத்தின் புணரியல் வழியில் நம் உரையாசிரியர்கள் விளக்கியிருக்கிறார்கள். டச்சிலும் இதே கதைதான், ஆனால் அங்கே இசையின் வேலையை அழுத்தம் செய்கிறது. மசாஜ் செய்யும் கட்டிலைக் குறிக்கும் சொல்லும், கூட்டமாகச் செய்யும் பிரார்த்தனை என்று வேடிக்கையாகப் பிரித்துப் படிக்கக்கூடிய சொல்லும் எழுத்தில் ஒன்றே. முதலாவதை மஸ்ஸாஷெ-பெட் என்று இரண்டாம் அசையில் அழுத்த வேண்டும். இரண்டாவதை மஸ்ஸ-ஹெபெட் என்று முதல் அசையில் அழுத்த வேண்டும். தையல் இடம் மாறியதும் நடுவில் இருக்கும் ஜீ எழுத்தின் ஒலியே வேறாகிவிடுகிறது, பாருங்கள். (தொண்டையில் உரசும் டச்சு ஜீயை இந்த மதிப்புரை முழுவதும் ஹகரத்தால் குறித்திருக்கிறேன். தென்பகுதியில் அதை மென்மையாகவே சொல்வதால் நமக்கு அது வடக்கைவிட இங்கே எளிது.)

இரண்டாம் வாரம் இணைப்பெழுத்துக்கு ஒதுக்கப்பட்டது. இரு சொற்கள் சேரும்போது நடுவில் ஓர் எஸ் வந்து நிற்பது டச்சில் மிகச் சாதாரணம். அந்த எஸ் எப்போதும் இடப்பக்கச் சொல்லோடுதான் போகும். வலப்பக்கச் சொல்லோடு சேர்த்துப் படித்தால் தையலே குலைந்துவிடும். வலப்பக்கச் சொல்லும் எஸ்ஸில் தொடங்கினால் இணைப்பெழுத்து காதில் விழாது. அப்போது ஒரு சோதனை செய்யச் சொல்கிறார்கள்: ஸ்டாஷொன்ஸ்ப்லெய்ன் என்று ரயில் நிலையச் சதுக்கத்தைச் சொல்லும்போது எஸ் கேட்கிறது அல்லவா, அப்படியானால் ரயில் நிலையத் தெருவைக் குறிக்கும் ஸ்டாஷொன்ஸ்ஸ்ட்ராட்டிலும் இரண்டு எஸ் எழுத வேண்டும். வல்லினம் மிகும் இடம், மிகா இடம் என்று பள்ளியில் அடி வாங்கிய தலைமுறையைச் சேர்ந்த எனக்கு இந்த வாரம் சொந்த ஊருக்குப் போன மாதிரி இருந்தது.

வகுப்பின் மிகச் சிறந்த பகுதி மூன்றாம் வாரம். தாளில் அசை பிரிப்பது வேறு, வாயில் அசை பிரிவது வேறு என்பதை அன்று ஆசிரியை கரும்பலகையை இரண்டாகப் பிரித்து எழுதிக் காட்டினார். ஆண்கள் என்று பொருள்படும் மன்னென் என்ற சொல்லை வரியின் ஓரத்தில் உடைக்க நேர்ந்தால் ஓர் என் (n) எழுத்து இந்த வரியிலும் மற்றொன்று அடுத்த வரியிலும் நிற்கும். அந்த இரண்டாவது என் எழுத்து, முன்னால் உள்ள அகரம் குறில் என்று காட்டுவதற்காகப் போட்டது. ஒற்றை என் இருந்தால் அது மானென் என்று நெடிலாகி நிலவுகள் என்ற வேறு சொல் ஆகிவிடும். ஆனால் பேசும்போது இரட்டிப்பே கிடையாது. நாமோ மன்னன், கண்ணன் என்று இரட்டிப்பை அழுத்தமாகச் சொல்லிப் பழகியவர்கள் என்பதால், தாளில் இரண்டைப் பார்த்ததும் வாயிலும் இரண்டு வந்துவிடுகிறது. என் முறை வந்தபோது ஆசிரியை என் எதிரே வந்து நின்று, கையால் மேசையில் தாளம் போட்டுக்கொண்டே, "ஒரு என்தான், ஒரு என்தான்" என்று ஆறு முறை சொல்ல வைத்தார். மற்றவர்களுக்கு இது இரண்டு நிமிடம். எனக்குக் கால் மணி நேரம்.

அதே வாரத்தில் வந்த இன்னொரு செய்தியை எந்தப் பாடநூலிலும் நான் இவ்வளவு தெளிவாகப் பார்த்ததில்லை. என், ஜீ இரண்டும் அடுத்தடுத்து வந்தால் பெரும்பாலும் அது நம் ஙகர ஒலி: விரல்களைக் குறிக்கும் சொல்லை ஃபிங்எர்ஸ் என்றுதான் சொல்ல வேண்டும். ஆனால் வரியின் ஓரத்தில் உடைக்கும்போது என்னுக்கும் ஜீக்கும் நடுவில் வெட்டுவார்கள். ஒரே ஒலியைத் தாளில் இரண்டாகப் பிளக்கிறார்கள். இதற்கு மாறாக, விபத்தைக் குறிக்கும் ஒன்ஹெலக் என்ற சொல்லில் ஒன் என்பது எதிர்மறை முன்னொட்டு, ஹெலக் என்பது தனிச்சொல். எனவே அங்கே என்னும் ஜீயும் தையலின் இரு பக்கங்களில் நிற்கும் அந்நியர்கள். மூன்று ஆண்டுகளாக நான் அதை ஒங்கெலுக் என்று சொல்லி வந்திருக்கிறேன். யாரும் திருத்தவில்லை, டச்சுக்காரர்கள் நேராகப் பேசுபவர்கள் என்ற பெயர் உச்சரிப்புக்குப் பொருந்தாது போலும்.

நான்காம் வாரத்திலிருந்து அழுத்தம். அடிப்படை விதி எளிது: இரு சொற்கள் சேர்ந்தால் முதல் சொல்லில் ஏற்கெனவே எந்த அசை அழுத்தம் பெற்றதோ அதுவே முழுச் சொல்லின் தலைமை அழுத்தத்தைப் பெறும், இரண்டாம் சொல்லின் அழுத்தம் ஒரு படி கீழே இறங்கி நிற்கும். "முதல் சொல்லின் முதல் அசை" என்று தவறாக நினைத்துக்கொள்பவர்கள் அதிகம், நானும் அவர்களில் ஒருவன். என் காப்பீட்டுச் சொல்லில் பொறுப்பு என்று பொருள்படும் முதற்பகுதி இரண்டாம் அசையில், அதாவது ஸ்ப்ரா என்ற இடத்தில், அழுத்தம் பெறுவது. ஆகவே ஒன்பது அசைகளுக்கும் தலைமை அங்கேதான். வசிப்பு அனுமதியைக் குறிக்கும் ஃபெர்ப்லெய்ஃப்ஸ்ஃபெர்ஹன்னிங் என்ற சொல்லிலும் இரண்டாம் அசையே. பணிசெய்ய இயலாமைக்கான காப்பீட்டைக் குறிக்கும் 33 எழுத்துச் சொல்லிலோ, உழைப்பு என்று பொருள்படும் ஆர்பெய்ட் முதலில் நிற்பதால், பத்து அசைகளில் முதலாவதே தலைமை தாங்குகிறது.

ஆனால் அழுத்துவது பாதி வேலைதான்; மற்றப் பாதி அழுத்தாமல் விடுவது. டச்சின் ஹெ, பெ, ஃபெர், எல், என் போன்ற துண்டுகளில் வரும் மங்கலான எகரத்தை ஷ்வா என்கிறார்கள். அது ஒருபோதும் அழுத்தம் பெறாது. ஆசிரியை அதை "வாய் ஓய்வெடுக்கும் உயிர்" என்று விளக்கினார், ஆனால் எனக்கு அது பிடிபடவில்லை. வீட்டுக்கு மிதிவண்டியில் திரும்பும்போதுதான் குற்றியலுகரம் நினைவுக்கு வந்தது. காசு, பாட்டு என்ற சொற்களின் இறுதியில் உகரத்தை நாம் முழுதாகச் சொல்வதில்லை அல்லவா. இதழைக் குவிக்காமல், பாதி மாத்திரையில் விட்டுவிடுகிறோம். அந்த விட்டுவிடும் பழக்கத்தை எகரத்துக்கு மாற்றிக்கொண்டால் ஷ்வா வந்துவிடுகிறது. இந்த ஒப்பீட்டைச் சொல்லித்தர எந்த டச்சு ஆசிரியராலும் முடியாது என்பதால் இங்கே எழுதி வைக்கிறேன்.

ஐந்தாம் வாரம் விதிவிலக்குகளுக்கானது. நகரமன்றக் கட்டடமான ஸ்டட்ஹய்ஸ் இரண்டாம் அசையில் அழுத்தம் பெறுகிறது. மேயரைக் குறிக்கும் பர்ஹெமேஸ்டெர் மூன்றாம் அசையில், பேராசிரியரைக் குறிக்கும் ஹோஹ்லேரார் இரண்டாம் அசையில். இவற்றுக்குக் காரணம் தேட வேண்டாம், மனப்பாடம் செய்யுங்கள் என்று ஆசிரியை நேர்மையாகச் சொன்னதை நான் மதிக்கிறேன். ஆனால் காரணம் உள்ள இடங்களைக் காரணத்தோடு விளக்கினார். அறிவியலைக் குறிக்கும் வேடென்ஸ்ஹப் முதல் அசையில் அழுத்தம் பெறும். அதை உரிச்சொல்லாக்கும் விகுதி சேர்ந்து வேடென்ஸ்ஹப்பெலெக் ஆனதும் அழுத்தம் ஸ்ஹப் என்ற மூன்றாம் அசைக்குத் தாவிவிடும். கவனம் என்ற பொருளுள்ள ஆன்டஹ்ட், கவனமான என்று ஆன்டஹ்டெஹ் ஆகும்போதும் அழுத்தம் ஓர் அசை வலப்பக்கம் நகர்கிறது. அதிவேக ரயில் பாதையைக் குறிக்கும் ஹோஹெஸ்னெல்ஹெய்ட்ஸ்லெய்ன் என்ற சொல்லில் ஸ்னெல் என்ற மூன்றாம் அசை தலைமை பெறுவதற்குக் காரணம், அதன் முதற்பகுதி தனிச்சொல்லாக இல்லாமல் "உயர் வேகம்" என்ற தொடராக இருப்பதும், தொடரில் பெயர்ச்சொல்லே அழுத்தம் பெறுவதும்தான்.

அழுத்தம் மாறினால் பொருள் மாறும் வினைச்சொற்களுக்கும் அந்த வாரத்திலேயே அரை மணி நேரம் கொடுத்தார். ஃபோர்கோமென் என்ற சொல்லை முதல் அசையில் அழுத்தினால் "நிகழ்தல்", இரண்டாம் அசையில் அழுத்தினால் "தடுத்தல்". இதைக் கேட்டதும் எனக்கு வியர்த்துவிட்டது. அதற்கு முந்தைய மாதம் அலுவலகக் கூட்டத்தில், பிழைகளைத் தடுப்பதே எங்கள் குழுவின் நோக்கம் என்று சொல்ல எழுந்து, முதல் அசையை ஓங்கி அழுத்தியிருந்தேன். எதிரே இருந்தவர்கள் ஒரு கணம் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டதற்கான பொருள் ஐந்து வாரம் கழித்துத்தான் விளங்கியது.

இனிக் குறைகள். முதலாவது, வகுப்போடு தரப்படும் ஒலிப்பதிவுகள். நீண்ட சொற்களை அசை அசையாக நிறுத்தி, ஒவ்வொன்றையும் சம பலத்தில் ஒரு குரல் படிக்கிறது. வகுப்பில் ஒன்றரை மணி நேரம் பாடுபட்டுக் கலைத்த பழக்கத்தை வீட்டில் அந்தப் பதிவு மறுபடி கட்டி எழுப்புகிறது. மூன்றாம் வாரத்துக்குப் பிறகு நான் அதைக் கேட்பதையே நிறுத்திவிட்டேன். இரண்டாவது, மெய்யெழுத்துக் குவியல்களுக்கு வெறும் இருபது நிமிடம்தான் ஒதுக்கினார்கள். அச்சத்தில் எழும் அலறலைக் குறிக்கும் அங்ஸ்ட்ஸ்ஹ்ரேவ் என்ற சொல்லில் நடுவே எட்டு மெய்யெழுத்துகள் தொடர்ந்து எழுதப்படுகின்றன, ஆனால் அசை இரண்டே இரண்டு. இலையுதிர்காலப் புயலைக் குறிக்கும் ஹெர்ஃப்ஸ்ட்ஸ்டொர்ம் என்ற சொல்லும் இரண்டே அசை. நாமோ மூச்சு விடும் இடமெல்லாம் ஓர் இகரத்தையோ உகரத்தையோ செருகி இரண்டை ஐந்தாக்கிவிடுகிறோம். அசை எண்ணிக்கை கூடிவிட்டால் அழுத்தம் சரியான இடத்தில் விழுந்தும் பயனில்லை. என் பக்கத்தில் அமர்ந்திருந்த போலந்துக்காரருக்கு இந்தக் குவியல்கள் கடலை மிட்டாய். ஆனால் அவருடைய மொழியில் அழுத்தம் கடைசிக்கு முந்தைய அசையில் விழுவது வழக்கம் என்பதால் எல்லாச் சொல்லிலும் அங்கேயே போய் அழுத்திக்கொண்டிருந்தார். வெவ்வேறு தாய்மொழிக்காரர்களின் வெவ்வேறு நோய்களுக்கு ஒரே மருந்து கொடுப்பது இந்த வகுப்பின் அடிப்படைச் சிக்கல், பதினொரு பேர் உள்ள வகுப்பில் அதற்கு வேறு வழியும் இல்லை.

மூன்றாவது குறையை என் மனைவி குறை என்று ஒப்புக்கொள்ளவில்லை. ஆறாம் வாரத்தில் பாதி நேரம் வரியின் ஓரத்தில் சொல்லை உடைக்கும் எழுத்து விதிகளுக்குப் போயிற்று: கடல்களைக் குறிக்கும் டச்சுச் சொல்லின் மேல் இருக்கும் இரட்டைப் புள்ளி, சொல்லை அங்கே உடைத்ததும் மறைந்துவிடும், பாட்டியைச் செல்லமாகச் சொல்லும் ஓமாட்யெ என்ற சொல்லில் இரண்டாக எழுதும் ஆ, உடைக்கும்போது ஒன்றாகிவிடும். கேட்க அழகாகத்தான் இருக்கிறது. கணினியே வரி உடைக்கும் காலத்தில், உச்சரிப்புக்காகப் பணம் கட்டியவர்களுக்கு இது எதற்கு என்று எனக்குத் தோன்றியது.

பாராட்ட வேண்டிய ஒரு முடிவையும் சொல்ல வேண்டும். நீண்ட சொல் விளையாட்டு என்றதும் டச்சுக்காரர்கள் வழக்கமாக எடுத்து விடும் நாத்திருகு சொல் ஒன்று, தென்னாப்பிரிக்காவின் கோய்கோய் மக்களைக் காலனியக் காலத்தில் இழிவாக அழைத்த பெயரில் தொடங்குகிறது. ஆசிரியை அதைத் தொடவே இல்லை. அதற்குப் பதிலாக, குழந்தைகளின் கார்னவால் திருவிழா ஊர்வலத்துக்கான ஆயத்தப் பணிகளைக் குறிக்கும் 49 எழுத்துச் சொல்லைக் கொடுத்தார். 1996ஆம் ஆண்டின் கின்னஸ் நூலில் இடம்பெற்ற சொல் அது. கின்-டெர்-கார்-ன-ஃபல்ஸ்-ஒப்-டொஹ்ட்-ஃபோர்-பெ-ரெய்-டிங்ஸ்-வெர்க்-ஸாம்-ஹே-டென் என்று பதினைந்து அசைகள், தலைமை அழுத்தம் முதல் அசையில். யாரும் பேச்சில் பயன்படுத்தாத சொல்தான், ஆனால் கார்னவாலைக் கொண்டாடும் தென்பகுதியில் அதன் பொருள் எல்லோருக்கும் தெரியும். நான்கு தையல்களையும் கண்டுபிடித்துவிட்டால் பதினைந்து அசைகளும் ஒரே மூச்சில் வந்துவிடுகின்றன.

வகுப்புக்கு வெளியே தனியாகப் பயில நினைப்பவர்களுக்கு, பச்சைப் புத்தகம் என்று செல்லப்பெயர் பெற்ற டச்சு மொழியின் அதிகாரபூர்வச் சொற்பட்டியல் உதவும். 1954இல் முதலில் வெளிவந்தது. 1980இல் நெதர்லாந்தும் பெல்ஜியத்தின் ஃப்லெமிஷ் பகுதியும் சேர்ந்து அமைத்த மொழி ஒன்றியத்தின் பொறுப்பில், 2015இல் ஒரு பதிப்பு வந்தது. இணையத்தில் இலவசமாகப் பார்க்கலாம், சொல்லை எங்கே உடைக்கலாம் என்பதையும் காட்டும். ஆனால் அது எழுத்துமுறைக்கான பட்டியல். எங்கே அழுத்துவது என்று சொல்வது அதன் வேலையன்று. தாளும் வாயும் வேறு என்ற மூன்றாம் வாரப் பாடத்தை மறந்துவிட்டு அதிலிருந்து உச்சரிப்பைக் கற்க முயன்றால் என் ஒங்கெலுக்கைப் போல ஏதாவது நேரும்.

யார் சேரலாம் என்று கேட்டால், டச்சைப் படித்துப் புரிந்துகொள்ளும் அளவுக்கு வந்துவிட்டவர்கள் சேரலாம். தொடக்க நிலையில் இருப்பவர்களுக்குத் தையலின் இரு பக்கமும் உள்ள சொற்களே தெரியாது என்பதால் 260 யூரோ வீண். சேர்பவர்கள் வீட்டுக்கு வரும் கடிதங்களைத் தவறாமல் எடுத்துச் செல்லுங்கள்; கடைசி இரண்டு வாரங்களில் ஆசிரியை அவற்றையே பாடமாக்குகிறார். நான் கொண்டுபோனது வாகன வரிக் கடிதம். மோ-டொர்-ரெய்-டய்-ஹென்-பெ-லஸ்-டிங் என்று எட்டு அசைகள், முதல் அசையில் அழுத்தம், இரண்டு ஆர் எழுதியிருந்தாலும் வாயில் ஒன்றே என்று பிழையில்லாமல் சொல்லி முடித்தேன். ஆசிரியை தலையசைத்துவிட்டு, கடிதத்தின் கீழ்ப்பகுதியில் பென்சிலால் ஒரு வட்டம் போட்டுத் திருப்பிக் கொடுத்தார். பணம் கட்டக் கடைசி நாள் மறுநாள்.